பெட்டி 0240

அதிகாலை மூன்று பத்துக்கு வந்தவர் ஆர்வோ கியூட்,
ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்.
வாய் இடப்பக்கம் இழுத்திருந்தது.
தார்த்துவில் அன்று மைனஸ் இருபத்திரண்டு.
ஆம்புலன்ஸ் கைப்பிடியில்
யாருடைய கையுறையோ உறைந்து ஒட்டியிருந்தது.

வயது அறுபத்தொன்பது.
ட்ரீனு எழுபத்தொன்று என்று அடித்தாள்.
விரல் விறைத்திருக்கலாம். தூக்கமாக இருக்கலாம்.
ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம்.
கணினி கேள்வி கேட்காது.
குடவோலை எடுக்கும் சிறுவனைப் போலக்
கண்ணை மூடிக் கையை விட்டு
எழுபது கடந்தவர்களின் குடத்திலிருந்து
ஓர் எண்ணை எடுத்து நீட்டியது: 0238.
உள்ளே மருந்தா, மருந்தின் வேடமிட்ட உப்புநீரா,
எங்களில் யாருக்கும் தெரியாது.
தெரியாமலிருக்கத்தான் எங்களுக்குச் சம்பளம்.

நாற்பது நிமிடத்தில் லெய்டா.
எண் கேட்டோம். திரையில் வட்டம் சுழன்றது,
சுழன்றது, இணைப்பு அறுந்தது.
மறுபடி கேட்டோம். 0240 என்றது.
பிறகு, போன இடத்திலிருந்து சாவகாசமாகத் திரும்பி
முதல் கேள்வியின் பதிலும் வந்து நின்றது: 0239.
ஒரு பெண். இரண்டு எண்கள்.
ஒரே சுண்டலில்
பூவும் விழுந்து தலையும் விழுந்தால்
யார் ஆட்டத்தைத் தொடங்குவது?

புள்ளியியலாளர் ஹெல்யேயை எழுப்பினேன்.
கொட்டாவிக்கு நடுவே சொன்னார்:
"முதலில் விழுந்ததுதான் விழுந்தது.
0239 போகட்டும். மற்றதைப் பூட்டி வை.
இன்னொருவருக்குக் கொடுத்துவிடாதே."
அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

விடிந்ததும் ட்ரீனு பிறந்த தேதியைப் பார்த்தாள்.
முகம் வெளுத்தது.
"அழித்துவிட்டுச் சரியான வயதோடு புதிதாகச் சேர்ப்போமா?
யாருக்குத் தெரியப் போகிறது?"
என் விரலும் அந்தப் பொத்தானுக்கு
ஒரு நெல்லிடை தூரத்தில்தான் இருந்தது.
சொன்னால் நம்புங்கள்,
அழிப்பது அப்போது நேர்மையாகத் தோன்றியது.

மறுபடி ஹெல்யே.
"மருந்து உடம்புக்குள் போயாயிற்று.
வயதைப் படிவத்தில் சரியாக எழுது.
எண்ணைத் தொடாதே.
என்ன நடந்ததோ அதை நடந்தபடி எழுது."
"தவறான குடம், ஹெல்யே."
"தவறான குடம்தான். ஆனால் எடுத்த கைக்கு அவரைத் தெரியாது.
உனக்கு இப்போது முகம் தெரியும்.
இனி நீ செய்வது எதுவும் குலுக்கல் இல்லை."

எழுதினேன்.
பிழை, நேரம், யார், எப்போது தெரிந்தது.
'காரணம்' என்ற இடத்தில் மட்டும்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.

மாலையில் மகன் ப்ரீட் வந்தார்,
பிளாஸ்டிக் பையில் அப்பாவின் பூட்ஸோடு.
சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.
"வயது சரியாக இருந்திருந்தால்
நல்ல பெட்டி கிடைத்திருக்குமோ?"
"எது நல்லது என்று தெரிந்திருந்தால்
பெட்டிகளே இருந்திருக்காது."
"அப்படியானால் அவர் இழந்தது?"
"இழக்கவில்லை. காகிதத்தில் ஆறு மணி நேரம்
இரண்டு வயது கூடுதலாக வாழ்ந்தார்."
சிரிப்பார் என்று நினைத்தேன். சொல்லியிருக்கக் கூடாது.
பூட்ஸிலிருந்து பனி உருகி
என் மேசைக்கடியில் சிறு குளமானது.
பூட்ஸை எடுக்காமல் போய்விட்டார்.
மறுநாள் வந்து எடுத்துக்கொண்டார்.

பட்டியலில் 0239-க்கு அப்புறம்
நேராக 0241.
தணிக்கைக்கு வருகிறவர்கள் எல்லாரும்
அந்தப் பல் போன இடத்தில்தான் விரலை வைக்கிறார்கள்.
கோப்பை நீட்டுகிறேன். படிக்கிறார்கள். தலையாட்டுகிறார்கள்.

0240 இன்னும் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில்,
பாதி இரவுக்கு லெய்டாவுடையதாக இருந்தது.
ஆகஸ்டில் காலாவதி.
திருப்பி அனுப்பும் படிவத்தில்
'பயன்படுத்தப்படவில்லை' என்று எழுதுவேன்.
அதுவும் முழு உண்மையா என்று
ஹெல்யேயைக் கேட்க வேண்டும்,
பகலில்.